கனடா ராக் குழுக்கள்: வளர்த்தது வானொலிச் சட்டமா, நெடுஞ்சாலையா?

பழையதட்டு

ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். இங்கே போட்டுவைக்கிறேன், ஆளுக்கொரு பக்கம் இழுங்கள்.

60, 70களின் அமெரிக்க ராக் என்று நாம் கேட்டு வளர்ந்ததில் கணிசமான பங்கு அமெரிக்காவே இல்லை. நீல் யங் டொராண்டோவில் பிறந்து வின்னிபெக்கில் வளர்ந்தவர். 'தி பேண்ட்' குழுவின் ஐந்து பேரில் நாலு பேர் ஒன்டாரியோக்காரர்கள். 'ஸ்டெப்பன்வுல்ஃப்' டொராண்டோவில் இருந்த 'ஸ்பாரோ' என்ற குழுவிலிருந்து முளைத்தது. 1970இல் 'அமெரிக்கன் வுமன்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனபோது அதைப் பாடிய 'கெஸ் ஹூ' வின்னிபெக் பையன்கள்.

இவ்வளவு ஆட்கள் இருந்தும் உள்ளூர் வானொலியில் இவர்கள் தட்டு சுற்றவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹிட் ஆன பிறகுதான் இந்தப் பக்கம் போடுவார்கள். இதை உடைத்தது 1971 ஜனவரியில் வந்த சட்டம். ஏ.எம். நிலையங்கள் போடும் இசையில் 30 சதவீதம் கனடிய இசையாக இருக்க வேண்டும் என்று சி.ஆர்.டி.சி. என்ற ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு ஆணையம் உத்தரவு போட்டது. எது கனடியப் பாட்டு என்பதற்கும் ஒரு கணக்கு: இசையமைத்தவர், பாடியவர், பதிவான இடம், வரிகளை எழுதியவர் என்று நாலு. அதில் இரண்டாவது கனடியமாக இருந்தால் பாஸ். ஆணையத் தலைவர் பியேர் ஜுனோ. அவர் பெயரின் நிழல் இன்றும் ஜூனோ விருதுகளில் இருக்கிறது.

என் கட்சி: அந்தச் சட்டம் இல்லையென்றால் கனடாவில் ராக் என்று ஒரு தொழிலே நின்றிருக்காது. மறுப்பவர்கள் வரலாம்.

நாலாவது தந்தி

மறுக்கிறேன். நீங்கள் மேலே சொன்ன ஒருவர்கூட அந்தச் சட்டத்தால் வந்தவர் இல்லையே. எல்லாருமே 1971க்கு முன்னால்.

'தி பேண்ட்' கதையையே எடுங்கள். 1958இல் ஆர்கன்சாவிலிருந்து ரானி ஹாக்கின்ஸ் என்ற ராக்கபில்லி பாடகர் ஒன்டாரியோவுக்குப் பிழைக்க வருகிறார். கூடவே டிரம்ஸ் வாசிக்க லெவான் ஹெல்ம். இங்கே பார்களில் நல்ல வரும்படி, தங்கிவிட்டார்கள். குளிர் தாங்காமலோ வீட்டு ஞாபகத்திலோ தெற்கத்திப் பையன்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்ப, அந்த இடங்களில் ஒன்டாரியோ பையன்களைப் போட்டார். டொராண்டோவிலிருந்து ராபி ராபர்ட்சன், ஸ்ட்ராட்ஃபர்டிலிருந்து ரிச்சர்ட் மானுவல், சிம்கோ பக்கத்துக் கிராமத்திலிருந்து ரிக் டாங்கோ, லண்டனிலிருந்து கார்த் ஹட்சன். (ஒன்டாரியோவில் ஒரு லண்டன் இருக்கிறது, பிரிட்டனை நினைக்க வேண்டாம்.)

கார்த் ஹட்சன் சேர்ந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். முறையாக சாஸ்திரிய இசை படித்தவர். பாரில் ராக் வாசிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் இரண்டு நிபந்தனை வைத்தார். புது லௌரி ஆர்கன் வாங்கித் தர வேண்டும். அப்புறம், மற்ற உறுப்பினர்கள் வாரம் ஆளுக்குப் பத்து டாலர் 'இசைப் பாட' கட்டணமாகத் தர வேண்டும். வீட்டில் கேட்டால் இசை ஆசிரியர் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா!

ஹாக்கின்ஸ் இவர்களைப் பிழிந்து எடுத்தார். யங் தெருவில் 'லெ காக் டோர்' பாரில் இரவு முழுக்க ஷோ, கடை மூடிய பிறகு ஒத்திகை. அப்படிப் பல வருடம் தேய்ந்த கைகள். 1965இல் பாப் டிலன் மின்கிதாருக்கு மாறியபோது பின்னால் நிற்கக் கூப்பிட்டது இவர்களைத்தான். மின்கிதார் பிடிக்காத பழைய ரசிகர்களிடமிருந்து ஊர் ஊராகக் கூச்சல், ஏச்சு. வெறுத்துப்போய் லெவான் ஹெல்ம், குழுவில் இருந்த ஒரே அமெரிக்கர், பாதியில் கிளம்பிவிட்டார். 1966 உலகச் சுற்றுப்பயணத்தில் அந்த வசவை மேடையில் நின்று வாங்கியது நாலு ஒன்டாரியோக்காரர்கள். பிறகு 1967இல் உட்ஸ்டாக் பக்கத்தில் இளஞ்சிவப்பு வீடு, லெவான் திரும்பி வந்தது, 1968 ஆல்பம், எல்லாருக்கும் தெரிந்த கதை.

இதில் வானொலி எங்கே வருகிறது? பார்தான் பள்ளிக்கூடம்.

ஸ்காபரோக்காரன்

தந்தி அண்ணை சொல்லுறது சரி. ஆனால் அதே கதையை மற்றப் பக்கத்தால் பாருங்கோ. இவ்வளவு திறமை இருந்தும் எல்லாரும் ஏன் நாட்டை விட்டு வெளிக்கிட்டவை? இங்கே இருந்தால் பார் மட்டும்தான். இசைத்தட்டுப் போட ஆள் இல்லை, போட்டாலும் வானொலி போடாது.

நீல் யங்கின் கதை அதற்கு நல்ல சாட்சி. தாய் தகப்பன் பிரிஞ்ச பிறகு தாயோடு வின்னிபெக்குக்குப் போனவர். அங்கே 'ஸ்குவயர்ஸ்' எண்டு ஒரு பாண்ட். சாமான் ஏத்த அவர் வைச்சிருந்தது ஒரு 1948 பியூக் பிரேத வண்டி! சவப்பெட்டியை உள்ளே தள்ளுறதுக்கு அடியிலே உருளைகள் இருக்கும் பாருங்கோ, அதிலே அம்ப்ளிஃபயரை வைச்சால் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். 1965இலே ஒன்ராறியோவின் பிளைண்ட் ரிவர் என்ற ஊரிலே அந்த வண்டி செத்துப்போச்சு.

ரொறன்ரோவுக்கு வந்தார். பேர் எடுக்க முடியவில்லை. 'மைனா பேர்ட்ஸ்' எண்டு ஒரு பாண்டிலே சேர்ந்தார். அதிலே பாடகர் ஆர் தெரியுமோ? பிறகு ஃபங்க் நட்சத்திரமான றிக் ஜேம்ஸ். 1966 தொடக்கத்திலே டெட்ரோயிட் போய் மோட்டவுன் கொம்பனியில் ஒப்பந்தமும் போட்டாச்சு. பதிவு நடக்குது. அப்பதான் தெரிய வந்தது, றிக் ஜேம்ஸ் அமெரிக்கக் கடற்படையிலே இருந்து ஓடி ஒளிஞ்சு திரிஞ்ச ஆள். பிடிச்சு அடைச்சுப் போட்டாங்கள். பாண்டும் போச்சு.

நீல் யங்கும் பேஸ் வாசிச்ச புரூஸ் பால்மரும் கையிலிருந்த வாத்தியங்களை வித்து, இன்னொரு பிரேத வண்டி வாங்கி (இந்த முறை பொன்ரியாக்), லொஸ் ஏஞ்சலஸுக்கு ஓடினார்கள். அதுக்கு முந்தின வருசம் ஃபோர்ட் வில்லியம் ஊரில் சந்திச்ச ஸ்டீபன் ஸ்டில்ஸை அங்கே தேடித் தேடிக் களைச்சு, விட்டிட்டுப் போகலாம் எண்ட நேரத்தில் சன்செட் வீதி நெரிசலிலே ஸ்டில்ஸ் எதிர்ப்பக்கம் வாறார். ஒன்ராறியோ இலக்கத்தகடோடு ஒரு பிரேத வண்டி. வேறு ஆராக இருக்க ஏலும்? அப்படித்தான் 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்'. ஐந்து பேரில் மூன்று பேர் கனடாக்காரர். அந்த அமெரிக்க வாழ்க்கையும் 1970 வரைக்கும் ஒழுங்கான பேப்பர் இல்லாமல்தான் ஓடியது. எங்கட சனத்துக்குப் புதுசில்லாத கதை.

குளிர்காலம்

வின்னிபெக்கில் படித்தவன் என்ற தகுதியில் உள்ளே வருகிறேன்.

ஏன் இந்த ஊரிலிருந்து இத்தனை பேர்? கிழக்கே டொராண்டோ சாலை வழியாக 2,200 கிலோமீட்டர். அந்தச் சாலை சுப்பீரியர் ஏரியின் வடகரையைச் சுற்றிக்கொண்டு போகும், பாதி வழி காடும் பாறையும்தான். மேற்கே ரெஜைனா 570. பெரிய பெயர்கள் இங்கே எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் ஊர்ப் பிள்ளைகளே வாசித்தாக வேண்டும். பேட்டைக்குப் பேட்டை சமூக மன்றங்கள், வார இறுதி நடனம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. ராத்திரியில் அமெரிக்கத் தெற்கிலிருந்து ஏ.எம். அலைகள் சமவெளியைத் தாண்டி வந்து விழும், அதுதான் பாடம். லெனி ப்ரோ என்ற அபாரமான கிதார்க்காரர் இங்கேதான் இருந்தார். ராண்டி பாக்மன் அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றவர்.

'கெஸ் ஹூ' என்ற பெயரே இந்தப் பிரச்சினையில் பிறந்ததுதான். 1965இல் 'ஷேக்கின் ஆல் ஓவர்' பாட்டைப் பதிந்தபோது அவர்கள் பெயர் 'சாட் ஆலன் அண்ட் தி எக்ஸ்பிரஷன்ஸ்'. கனடாக் குழு என்று தெரிந்தால் டி.ஜே.க்கள் ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று பயந்து, குவாலிட்டி ரெக்கார்ட்ஸ் தட்டில் பெயர் போடாமல் 'யார் சொல்லுங்கள்' என்று மட்டும் அச்சடித்தது. ஏதோ பிரிட்டிஷ் குழு மாறுவேடத்தில் வந்திருக்கிறது என்று எல்லாரும் நினைக்கட்டுமாம். பாட்டு ஓடிவிட்டது. விடுகதையாகப் போட்டது பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்த நாட்டில் சொந்தப் பெயரை மறைத்து விற்ற நிலைமை. பழையதட்டு சொன்ன சட்டம் ஏன் வந்தது என்று இதைவிட எப்படிக் காட்டுவது?

'அமெரிக்கன் வுமன்' பிறந்தது ஒன்டாரியோவின் கிச்சனரில், கர்லிங் ஆடும் பனி அரங்கில் நடந்த ஒரு கச்சேரியில். பாக்மன் தந்தி அறுந்துவிட்டது. மாட்டிச் சுருதி சேர்க்கும்போது விரலில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிதார் மெட்டு) வந்து விழுந்தது. அதை விடாமல் வாசிக்க, மற்றவர்கள் ஓடிவந்து சேர, பர்ட்டன் கம்மிங்ஸ் வாயில் வந்ததைப் பாடினார். கூட்டத்தில் ஒரு பையன் கேசட்டில் திருட்டுத்தனமாகப் பதிந்துகொண்டிருந்தான். அந்த கேசட் கையில் கிடைத்ததால்தான் பாட்டு பிழைத்தது. 1970 ஜூலையில் வெள்ளை மாளிகையில் வாசிக்க அழைப்பு வந்தது, கூடவே அந்தப் பாட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்ற வேண்டுகோளும்.

அதற்குள் பாக்மன் விலகிவிட்டார். குழுவின் குடி, கூத்து ஒத்துவரவில்லை, பித்தப்பைத் தொல்லை வேறு. புதிதாகத் தொடங்கிய 'பாக்மன் டர்னர் ஓவர்டிரைவ்' முதல் டேப்புக்கு இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கதவைச் சாத்தின. கடைசியில் மெர்க்குரி எடுத்தது. 1974இல் 'யூ எயின்ட் சீன் நத்திங் யெட்' அமெரிக்க முதலிடம். அதில் வரும் திக்குவாய், பாக்மன் தன் அண்ணன் தம்பிகளில் ஒருவரைச் சீண்ட விளையாட்டாகப் பாடியது.

கேள்விக்குறி

பாக்மனுடைய கிதார் திருடுபோன கதை ஒன்று உண்டே? யாராவது சொல்லுங்கள்.

குளிர்காலம்

அது தனி சினிமா. 1957ஆம் வருடத்து ஆரஞ்சு நிற கிரெட்ச். சின்ன வயதில் புல் வெட்டி, காசு சேர்த்து வாங்கியது. 1976இல் டொராண்டோவில் ஒரு ஓட்டலிலிருந்து காணாமல் போனது. அந்த ஏக்கத்தில் அவர் கிரெட்ச் கிதாராக வாங்கிக் குவித்து நூற்றுக்கணக்கில் சேர்த்துவிட்டார், அது வேறு. 2020இல் முன்பு பக்கத்து வீட்டில் குடியிருந்த ஒருவர், ஊரடங்கில் வேலையற்று இருந்த நேரத்தில், பழைய படங்களில் தெரியும் மரத்தின் ரேகையை வைத்து இணையம் முழுக்கத் தேடினார். முகம் அடையாளம் காணும் மென்பொருளை இதற்குத் திருப்பிக்கொண்டார் என்பதுதான் விசேஷம். ஜப்பானில் தகேஷி என்ற இசைக்கலைஞர் கையில் அதே கிதார்! அவர் கடையில் காசு கொடுத்து வாங்கியவர், பாவம். அதே ரகத்தில், அதே வருடத்து கிரெட்ச் ஒன்றை பாக்மன் தேடிப் பிடித்துக் கொண்டுபோய், 2022 ஜூலை 1ஆம் தேதி, அதாவது கனடா தினத்தன்று, டோக்கியோவில் மாற்றிக்கொண்டார்கள்.

கேள்விக்குறி

சூப்பர். சரி, இவ்வளவு நேரம் ஆகியும் ரஷ் குழுவின் பெயரை யாரும் எடுக்கவில்லையே. தந்தி எப்படிப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்?

நாலாவது தந்தி

உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்.

1968, டொராண்டோவின் வடக்கே வில்லோடேல். கிதார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனின் பெற்றோர் செர்பியாவிலிருந்து வந்தவர்கள். கெடி லீயின் அம்மா அப்பா போலந்து யூதர்கள், நாஜி முகாம்களிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள். 'கேரி' என்று வைத்த பெயர் அம்மாவின் போலிஷ் நாக்கில் 'கெடி' ஆனது. முதல் டிரம்மர் ஜான் ரட்சி.

பழையதட்டு 1971இன் வானொலிச் சட்டத்தைச் சொன்னார். அதே 1971இல் இன்னொரு சட்டமும் வந்தது. ஒன்டாரியோவில் குடிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள். பள்ளிக்கூட ஹால்களில் வாசித்துக்கொண்டிருந்த ரஷ், திடீரென்று பார்களில் வாரக்கணக்கில் வாசிக்கலாம் என்று ஆனது. ஒரே இடத்தில், தினமும் பல செட். இவர்களை உருவாக்கியது அந்தச் சட்டம் என்றால் ஒத்துக்கொள்வேன்!

வானொலிச் சட்டம் வந்து மூன்று வருடம் கழித்தும் நிலைமை என்ன? எந்தக் கனடாக் கம்பெனியும் எடுக்காததால் 1974இல் 'மூன் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தமாகப் பெயர் வைத்து முதல் ஆல்பத்தைப் போட்டார்கள். திருப்பம் வந்தது கிளீவ்லாந்தில். அங்கே டபிள்யூ.எம்.எம்.எஸ். நிலையத்தில் டோனா ஹால்பர் என்ற பெண்மணி, டொராண்டோவிலிருந்து வந்த தட்டில் 'வொர்க்கிங் மேன்' பாட்டைப் போட்டார். ஏழு நிமிடப் பாட்டு, தொழிற்சாலை நகரம், நாள் முழுக்க உழைக்கிறவனைப் பற்றிய வரி. லெட் செப்லின் குழுவின் புது ஆல்பமா என்று கேட்டு ஃபோன் மேல் ஃபோன். மெர்க்குரி வந்து ஒப்பந்தம் போட்டது.

ஜான் ரட்சிக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை, நீண்ட டூர்களில் விருப்பமும் இல்லை. 1974 ஜூலை 29இல் நீல் பியர்ட் உள்ளே வந்தார். செயின்ட் கேதரின்ஸ் ஊர். லண்டன் (இப்போது பிரிட்டன்!) போய் அதிர்ஷ்டம் பார்த்து, ஒன்றும் நடக்காமல் திரும்பி, அப்பாவின் கடையில் டிராக்டர் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தவர். இரண்டே வாரத்தில் பிட்ஸ்பர்க்கில் பதினோராயிரம் பேர் முன்னால் முதல் ஷோ.

1975இல் மூன்றாவது ஆல்பம் படுத்துவிட்டது. அந்த டூருக்கு இவர்களே 'சாக்கடைக்குப் போகும் டூர்' என்ற மாதிரி ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். கம்பெனி சின்னச் சின்ன ஹிட் பாட்டு கேட்டது. எப்படியும் மூழ்கப் போகிறோம், நினைத்ததைச் செய்துவிட்டே மூழ்குவோம் என்று ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிடத்துக்கு ஒரே பாட்டைப் போட்டார்கள். 1976, '2112'. அதற்கப்புறம் யாரும் இவர்களிடம் யோசனை சொல்ல வரவில்லை. இருபது நிமிடப் பாட்டை எந்த ஏ.எம். நிலையம் 30 சதவீதக் கணக்கில் போடும், சொல்லுங்கள்.

இன்னொன்று, தூரம். குளிர்காலம் சொன்ன 2,200 கிலோமீட்டரைக் கேட்டீர்கள். டொராண்டோவிலிருந்து பஃபலோ 160, டெட்ராய்ட் 380, கிளீவ்லாந்து 470. ஒரு வேனில் நாலு பேரும் சாமானும் ஏறி, கையில் பெட்ரோல் காசு மட்டும் இருந்தால் எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? தேசபக்தி பார்த்து மேற்கே திருப்பினால் காட்டில் மூஸ் மான்களுக்குத்தான் வாசிக்க வேண்டும்.

பழையதட்டு

மூஸ் ரசிகர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

தந்தி, ரஷ் விதிவிலக்கு. நான் சொல்வது தொழிலின் அஸ்திவாரம். 30 சதவீதம் போட்டே ஆகவேண்டும் என்றால், போடுவதற்குத் தட்டு வேண்டும். தட்டு வேண்டும் என்றால் ஸ்டுடியோ, ஒலிப்பதிவாளர், மேனேஜர், கம்பெனி எல்லாம் உள்ளூரில் வேண்டும். 70களில் இவை ஒவ்வொன்றாக வந்தன. உங்கள் ரஷ் 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தைப் பதிந்த லெ ஸ்டுடியோ, கியூபெக்கில் மோரின் ஹைட்ஸ் மலையில் ஏரிக்கரையில் இருந்தது. உலகத்தரம். பின்னால் 'தி போலீஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் குழுகூட அங்கே வந்து பதிந்தார்கள். முதல் சில வருடங்களில் 30 சதவீதத்தை நிரப்ப ஒரே பத்துப் பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள், நள்ளிரவில் தள்ளிவிட்டார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அடுத்த தலைமுறை அதைக் கேட்டு வளர்ந்தது. அமெரிக்காவைத் தொடாமலே ஒரு குழு முப்பது வருடம் நட்சத்திரமாக இருக்க முடிந்தது. ஸ்காபரோக்காரன், யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். நீங்களே எழுதுங்கள்.

ஸ்காபரோக்காரன்

'ட்ரஜிக்கலி ஹிப்'. கிங்ஸ்ரன் நகரம், 1984.

கனடாவுக்கு வெளியே பேர் சொன்னால் 'ஆர்?' எண்டு கேப்பினம். உள்ளே எண்டால் லட்சக்கணக்கில் ஆல்பம் வித்தவை. பாடகர் கோர்ட் டவுனி எழுதினதெல்லாம் இந்த நாட்டுக் கதை. ஒரு உதாரணம். பில் பரில்கோ எண்டு ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி வீரர். 1951 இறுதி ஆட்டத்தில் கோல் போட்டு ஸ்ரான்லி கிண்ணத்தை எடுத்துக் குடுத்தார். அந்தக் கோடையிலே மீன்பிடிக்கப் போன சின்ன விமானம் காட்டுக்குள்ளே காணாமல் போச்சு. 1962இல்தான் உடலைக் கண்டுபிடிச்சவை. அந்த அணி அடுத்த கிண்ணத்தை எடுத்ததும் அதே 1962இலேதான். இதை ஒரு றொக் பாட்டாகப் போட்டால் ஒஹாயோவிலே ஆருக்கு விளங்கும்? கொலை செய்யாமலே 23 வருசம் சிறையிலே கிடந்த டேவிட் மில்கார்ட் பற்றியும் ஒரு பாட்டு இருக்கு.

முயற்சி செய்யாமல் இல்லை. 1995இல் நகைச்சுவை நடிகர் டான் அய்க்ரொய்ட் (அவரும் கனடாக்காரர்) நியூயோர்க் தொலைக்காட்சியின் பிரபல சனி இரவு நிகழ்ச்சியில் இவர்களை மேடையேத்தினார். பெரிய அசைவு ஒண்டும் இல்லை.

2016 மே மாதம், டவுனிக்கு மூளையில் குணமாக்க ஏலாத புற்றுநோய் எண்டு அறிவிச்சவை. அதோடு நிக்காமல் நாடு முழுக்க ஒரு சுற்றுப்பயணம் போனார். ஓகஸ்ட் 20, கடைசிக் கச்சேரி, சொந்த ஊர் கிங்ஸ்ரனில். அரச ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. விளம்பரம் இல்லாமல் நேரடியாகப் போட்டது. ஒரு கோடியே 17 லட்சம் பேர் பார்த்தவை, நாட்டிலே மூன்றிலே ஒரு பங்கு. மினுங்குற உடுப்பு, இறகு குத்தின தொப்பி. பிரதமர் ட்ரூடோ கூட்டத்துக்குள்ளே நிண்டார். மேடையிலே இருந்து அவரைப் பார்த்து, வடக்கிலே இருக்கிற பூர்வகுடிச் சனத்தைக் கவனியுங்கோ எண்டு டவுனி நேரே சொன்னார். அடுத்த வருசம் ஒக்ரோபர் 17 ஆள் போய்ச் சேர்ந்திட்டார்.

நான் அப்ப ஒரு பக்டரியில் இரவு வேலை. ஹொக்கியைத் தவிர வேறு ஒண்டும் கதைக்காத ஒரு பெரியவர் சாப்பாட்டு மேசையிலே ஃபோனை நிமித்தி வைச்சிட்டு வாய் திறக்காமல் இருந்தார். மேற்பார்வையாளர் வந்தார், பார்த்தார், தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்திட்டார்.

மழைக்காகிதம்

மொன்றியலிலிருந்து ஒரு குறுக்கீடு. நீங்கள் எல்லாரும் ஆங்கிலக் கனடாவை மட்டும் கனடா என்று பேசுகிறீர்கள். கியூபெக்கில் பிரெஞ்சு நிலையங்களுக்கு வேறு கணக்கு: பாட்டில் 65 சதவீதம் பிரெஞ்சாக இருக்க வேண்டும். அதனால் அங்கே ஒரு தனி ராக் உலகமே உண்டு. 70களில் ஹார்மோனியம், போ டொமாஜ், ஆஃபன்பாக் குழுக்களின் ஆல்பம் கியூபெக் வீடுகளில் இல்லாமல் இருக்காது. டொராண்டோவில் கேட்டால் முழிப்பார்கள்.

அப்புறம் 'ஆர்கேட் ஃபயர்'. மொன்றியல் குழு என்று கொண்டாடுகிறோம், ஆனால் வின் பட்லர் டெக்சஸில் வளர்ந்தவர், படிக்க வந்தவர். ரெஜீன் ஷாசான் பெற்றோர் துவாலியே சர்வாதிகார ஆட்சிக்குத் தப்பி ஹைட்டியிலிருந்து வந்தவர்கள். 2004இல் 'ஃப்யூனரல்' ஆல்பத்தை வெளியிட்டது வட கரோலைனாவின் மெர்ஜ் கம்பெனி. 2011இல் கிராமியின் சிறந்த ஆல்பம் விருது. முதல் உந்துதல் இணைய விமர்சனங்களிலிருந்து வந்தது. பழையதட்டு, அவர்களை ஏ.எம். வானொலியோ எஃப்.எம். வானொலியோ தூக்கிவிடவில்லை.

கேள்விக்குறி

எங்கள் வீட்டில் ராக் என்றாலே பிரையன் ஆடம்ஸ் கேசட்தான். அவர் எந்தக் கணக்கில் வருவார்? அப்படியே நிக்கல்பேக் குழுவை ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

பழையதட்டு

பிரையன் ஆடம்ஸ்தான் என் கட்சிக்கு வந்த பெரிய சோதனை. கிங்ஸ்டனில் பிறந்தவர், 1978இல் வான்கூவரில் ஒரு வாத்தியக் கடையில் ஜிம் வாலன்ஸைச் சந்தித்து, இரண்டு பேரும் பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். ஏ அண்ட் எம் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது ஒரே ஒரு டாலருக்கு. 1984 'ரெக்லஸ்' ஆல்பம் வரைக்கும் சிக்கல் இல்லை. 1991 ஆல்பத்தில் மட் லாங் என்ற வெளிநாட்டுத் தயாரிப்பாளருடன் சேர்ந்து எழுதினார். இசை பாதிப் பாதி, வரி பாதிப் பாதி, பதிவு பெரும்பாலும் வெளிநாடு. நாலில் 'பாடியவர்' என்ற ஒன்றுதான் தேறியது. ஆக, பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு, சொந்த நாட்டின் கணக்கில் கனடியப் பாட்டு இல்லை! மனிதர் கொதித்துவிட்டார். 1993இல் கூட்டாக எழுதும் பாட்டுகளுக்கு விதியைத் தளர்த்தினார்கள்.

நிக்கல்பேக், ஆல்பர்ட்டாவில் ஹன்னா என்ற மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். சாட் குரோகர் வளர்ப்புத் தந்தையிடம் 4,000 டாலர் கடன் வாங்கி முதல் பதிவு செய்தார். 1999இல் வானொலி ஒதுக்கீடு 35 சதவீதமாக ஏறிய நேரம், நிலையங்கள் புதுக் கனடாப் பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தன. இவர்களே நிலையம் நிலையமாக ஃபோன் போட்டுத் தொல்லை கொடுத்தார்கள். 2001இல் 'ஹவ் யூ ரிமைண்ட் மி' அமெரிக்க முதலிடம். திட்டுவது ஏன் என்றால், ஒரே பாட்டை அவ்வளவு தடவை கேட்டால் யாரையும் திட்டத் தோன்றும். சட்டத்தின் பக்கவிளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோக்காரன்

எங்கட ஊரை விட்டிட்டியள். 'பெயர்நேக்கட் லேடீஸ்' ('அம்மணப் பெண்கள்' எண்டு அர்த்தம்) ஸ்காபரோப் பிள்ளைகள். எட் றொபேட்சனும் ஸ்டீவன் பேஜும் வோபர்ன் பள்ளிக்கூடம். இண்டைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களிலே இடியப்பக் கடையும் புடவைக் கடையும். 1991இலே கொம்பனி ஒண்டும் இல்லாமல் ஒரு மஞ்சள் கேசட் போட்டவை. அதே வருசம் ரொறன்ரோ நகர மண்டபம் புதுவருசக் கொண்டாட்டத்துக்கு இவையைப் பிடிச்சிட்டு, பாண்டின் பேர் பெண்களைக் கேவலப்படுத்துது எண்டு கடைசி நேரத்திலே தடுத்திட்டுது. பத்திரிகை முழுக்க அந்தக் கதை. கேசட் அள்ளுப்பட்டுப் போச்சு. வானொலியும் இல்லை, நெடுஞ்சாலையும் இல்லை, மாநகரசபை வளர்த்த பாண்ட்!

நாலாவது தந்தி

ஹா ஹா. எனக்குப் பார் சட்டம், இவருக்கு மாநகரசபை.

ரஷ் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. 1997, 98இல் பத்தே மாத இடைவெளியில் மகளையும் மனைவியையும் பறிகொடுத்த நீல் பியர்ட், மோட்டார் சைக்கிளில் 88,000 கிலோமீட்டர் சுற்றிவிட்டுத்தான் மறுபடி குச்சியைத் தொட்டார். கடைசி ஷோ 2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ். 2020 ஜனவரியில் அவரும் போனார், கோர்ட் டவுனிக்கு வந்த அதே புற்றுநோய். இனி ரஷ் இல்லை என்று இருந்தோம். 2025இல் கெடியும் அலெக்ஸும் அனிகா நில்லெஸ் என்ற ஜெர்மன் டிரம்மருடன் 2026 டூர் அறிவித்தார்கள். அவர் வாசிப்பை யூட்யூபில் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள், பார்க்காமல் வேண்டாம்.

பழையதட்டு

அதற்குத் தனி இழை போடுங்கள் தந்தி, இது உடைந்துவிடும்.

என் கட்சியில் நான் அப்படியேதான் இருக்கிறேன். ஆணையமும் அப்படியேதான் இருக்கிறது. 2024 ஜூனில் ஸ்பாட்டிஃபை மாதிரி நிறுவனங்கள், கனடாவில் ஆண்டு வருமானம் இரண்டரைக் கோடி டாலரைத் தாண்டினால், அதில் 5 சதவீதம் உள்ளூர் நிதிகளுக்குக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. அன்றைக்கு ஏ.எம். நிலையக்காரர்களும் கேட்பவர்கள் விரும்புவதைப் போடவிடுங்கள் என்றுதான் வாதாடினார்கள்.

கேள்விக்குறி

இதெல்லாம் சரி, ஹார்மோனியம் குழுவில் எதை முதலில் கேட்பது? மழைக்காகிதம், இருக்கிறீர்களா?

மழைக்காகிதம்

1975இல் வந்த இரண்டாவது ஆல்பம். பிரெஞ்சு தெரியாவிட்டால் பரவாயில்லை, டிரம்ஸே இல்லாமல் ஒரு ராக் ஆல்பம் எப்படி நகர்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.